விசாலத்தின் அலுமினிய அடுக்கு

மட்டாஞ்சேரியில் பாத்திரக் கடை வாசலில் நிற்கிறோம். ஐம்பது தாண்டிய எங்களுக்கு நாளை எருமேலியிலிருந்து சபரிமலைக்கு நடை. சமையல் பாத்திரத்தை அவரவரே சுமக்க வேண்டும். என் மூட்டையில் இருப்பது வெண்கலப் பானை. ஓரகத்தி விசாலத்துக்கோ மகன் பம்பாயிலிருந்து அலுமினிய அடுக்கு அனுப்பியிருக்கிறான். அது அவள் கையில் பூக்கூடை மாதிரி ஆடுகிறது. எனக்கு வயிறு எரிகிறது.

கடைக்காரர் ஒரு அலுமினியச் சட்டியை நீட்டுகிறார். “அம்மே, இதொன்னு எடுத்து நோக்கு. கனமே இல்லா.”

தட்டிப் பார்க்கிறேன். “என்ன பாத்திரம் இது? தட்டினா மணியாட்டம் கேக்க வேண்டாமோ?”

விசாலம் சிரிக்கிறாள். “அக்கா, நாம மலைக்குப் போறோமா, பொண்ணுக்குச் சீர் கொண்டுபோறோமா?”

அவள் அடுக்கைவிடப் பெரிய சட்டியாகக் கேட்டு வாங்குகிறேன். அந்த அடுக்கை அவள் கையிலிருந்து பிடுங்கி என் சட்டிக்குள் இறக்குகிறேன்.

“பாத்துக்கோ, உன்னோடது முழுக்க என்னோடதுக்குள்ளே அடக்கம்!”

“நல்லதாப் போச்சு. ரெண்டையும் நீங்களே எடுத்துண்டு வாங்கோ, அக்கா” என்று சொல்லி, வெறுங்கையை வீசிக்கொண்டு தெருவில் இறங்குகிறாள்.

வெண்கலப் பானையோடு இதுவும் சேர்ந்து கனக்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? இடுப்பில் ஏற்றிக்கொண்டு பின்னால் நடக்கிறேன்.