படிவத்தில் ஓர் ஆள்

அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் தலையெண்ணி. எங்கள் சின்ன விமானத்தளத்தில் பயணத் திட்டப் படிவம் வாங்கும் மேசை அவருடையது, எரிபொருள் வண்டி என்னுடையது. மேசை என்றுதான் பேர். அதில் அவர் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அனுப்பிய விமானம் போய் இறங்கிவிட்டது என்று தகவல் வரும்வரை ஜன்னலுக்கும் தொலைபேசிக்குமாக நடந்துகொண்டே இருப்பார். சுவரில் இரண்டு கடிகாரங்கள், ஒன்று நம் நேரம், ஒன்று உலக நேரம். இரண்டையும் மாறி மாறி முறைப்பார், அதுகள் என்னவோ வேண்டுமென்றே மெதுவாக ஓடுவதுபோல.

சொந்த விமானம் வைத்திருக்கிற ஆட்களுக்கு ஒரு மிதப்பு உண்டு. விமானம் என்னுடையது, என்னை யார் கேட்பது? எல்லை தாண்டும்போதுதான் அது இறங்கும். உரிமம் எங்கே, உடல்தகுதிச் சான்று எங்கே, விமானப் பதிவுச் சீட்டு எங்கே என்று அக்கா வரிசையாகக் கேட்பார். இறங்கப்போகிற தளத்தில் சுங்க அதிகாரி இருக்கிறாரா என்பார். எந்த நாட்டுக்குப் போனாலும் படிவம் அதேதான். அதன் கடைசியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும்: விமானத்தில் எத்தனை பேர். மற்றதையெல்லாம் நின்ற இடத்திலேயே பார்த்துவிடுவார். அந்தக் கட்டத்துக்கு மட்டும் வெயிலானாலும் மழையானாலும் விமானம் வரைக்கும் நடந்துபோய் விரல் நீட்டி எண்ணுவார்.

"ஒரு ஆளுதாங்க. ரெண்டா தெரியுறேனா?" என்று பல் டாக்டர் கிண்டல் பண்ணுவார். எங்கள் தளத்தில் அடிக்கடி பறப்பவர் அவர்தான்.

"தேடப் போறவங்க இந்த நம்பரைத்தான் நம்புவாங்க, டாக்டர். இத்தனை பேரும் கிடைச்சாச்சுன்னா வீட்டுக்குப் போயிடுவாங்க."

நானும் சேர்ந்து சிரித்தவன்தான். அந்தச் சிரிப்புக்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

அக்காவின் தம்பி வெல்டர், என் கூட்டாளி, வயது முப்பத்தைந்து. பல வருடம் எங்கள் தளத்தின் கம்பிவேலியைப் பற்றவைத்தவன், ஒரு தடவைகூட மேலே பறந்ததில்லை. டாக்டர் கடல் தாண்டிப் பக்கத்து நாட்டுத் தீவுக்குப் போகிறார் என்றதும் ஒட்டிக்கொண்டான். பாஸ்போர்ட் கிடையாது. "கீழ இறங்கவே மாட்டேன்டா. சீட்டுலயே உக்காந்துட்டுத் திரும்பிடுவேன்" என்று என்னைப் பிய்த்தெடுத்தான். இன்னொரு பெயர் எழுதினால் இன்னும் நாலு காகிதம் என்று டாக்டருக்கும் சோம்பல், தலையாட்டிவிட்டார். அக்கா வந்து ஒன்று என்று எண்ணிவிட்டுப் போனார். விமானம் ஓடுபாதை முனைக்கு வந்தது. அங்கே இருக்கிற எரிபொருள் கிடங்கின் பின்கதவைத் திறந்து, உள்ளே ஒளிந்திருந்த அவனை ஏற்றி அனுப்பியவன் நான்.

இரண்டு பத்துக்குத் தீவில் இறங்கியிருக்க வேண்டும். இரண்டு நாற்பதுக்கு அக்கா தீவுக்குப் போன் போட்டார். வரவில்லை என்றார்கள். அரை மணி தாண்டினால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்பது விதி. உடனே மீட்பு மையத்துக்குச் சொல்லிவிட்டார். ரேடியோ பழுதாக இருக்கும், இதோ வந்துவிடும், வாயைத் திறந்து வேலையைக் கெடுத்துக்கொள்வானேன் என்று கதவோரம் நின்றேன். உட்கார முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை. அக்கா அந்தப் பக்கம் நடக்க, நான் இந்தப் பக்கம் நடக்க, அறையே எங்களைத் தாங்கவில்லை.

மூன்றரைக்கு மீட்பு மையத்திலிருந்து அழைப்பு. ஒலிபெருக்கியில் எனக்கும் கேட்டது.

"விமானம் கடல்ல விழுந்திருக்கு. ஒருத்தரைத் தூக்கிட்டோம். உயிர் இருக்கு, நினைவில்லை. படிவத்துல ஒரு ஆள்னு இருக்கு. சரிதானே?"

"ஆமா. ஒண்ணு. நானே எண்ணினேன்" என்றார் அக்கா.

"அப்ப தேடுறதை நிறுத்திப் படகைக் கரைக்குத் திருப்பிடுறோம்."

அக்கா நாற்காலியில் சாய்ந்தார். "தப்பிச்சாரு மனுஷன்" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், முள் ஏழு கோடு நகர்ந்தது. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது என்று அந்த நேரத்திலும் ஒரு புத்தி சொன்னதே, அது என் புத்திதான், மறைப்பதற்கில்லை.

"அக்கா... ரெண்டு பேரு."

"என்னது?"

"தம்பி ஏறிட்டான். நான்தான் ஏத்திவிட்டேன்."

அறைவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. போனை எடுத்தார். "படிவம் தப்பு. ரெண்டு பேர். படகை மறுபடி அங்கயே அனுப்புங்க. ரெண்டு பேர்." குரல் நடுங்கவில்லை. போனை வைத்த பிறகுதான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

இன்னும் நாற்பது நிமிடம் தேடி அவனை எடுத்தார்கள். ஒரு ஆளுக்கு ஒரு மிதவைச் சட்டைதான் இருந்தது, அது டாக்டர் உடம்பில். இவன் இருக்கைத் திண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு மிதந்திருக்கிறான். படகு வந்ததைப் பார்த்திருக்கிறான், கத்தியிருக்கிறான். அது திரும்பிப் போனதையும் பார்த்திருக்கிறான்.

அக்கா எழுதிய அறிக்கையில் டாக்டரின் விமானி உரிமம் போயிற்று, என் வேலை போயிற்று. ஒரு வரிகூடக் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவரைப் பிடித்தேன். அங்கேயும் நடந்துகொண்டுதான் இருந்தார்.

"எல்லாம் என் தப்புதான்க்கா."

"உன் தப்பை எழுதிட்டேன். டாக்டர் தப்பையும் எழுதிட்டேன்" என்றார். "நீ வாயைத் திறக்க ஏழு நிமிஷம் ஆச்சு. அந்த ஏழு நிமிஷம் அவன் தண்ணியில கெடக்கும்போது நான் முகத்தைத் துடைச்சிட்டு உக்காந்திருந்தேன்டா. அவன் கண் முழிச்சதும் என்ன கேட்டான் தெரியுமா? படகை யாரு திரும்பிப் போகச் சொன்னாங்கன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான்தான்னு சொன்னேன்" என்றார்.