வேலெடுக்கும் நேரத்தில் வந்த ஆட்டம்

படம் கண்ணாடி மாதிரி தெரிகிறதே என்று ஆசைப்பட்டுத்தான் போன ஐப்பசியில் புது தட்டை டிவி வாங்கினேன். நடமாட முடியாத என் மாமியார், கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதமிருந்து, டிவி நேரலையில் சூரசம்ஹாரம் பார்க்கக் காத்திருந்தார். முருகன் வேலெடுக்கும் நேரம், சத்தம் கூட்ட நினைத்து ரிமோட்டில் எதையோ அழுத்திவிட்டேன். அரைகுறை உடையில் ஒருத்தி ஆடினாள். வியர்வைத் துளிகூடத் தெளிவாகத் தெரிந்தது! எதை அழுத்தியும் போகவில்லை.

"கருமம், நிறுத்துடி! வெரதமும் அதுவுமா என்னாடி இது?"

"தெரியலையே அத்த!"

பிளக்கைப் பிடுங்கினேன். திரும்பப் போடுவதற்குள் சூரன் விழுந்துவிட்டான். மாமியார் அழுதுவிட்டார்.

இப்போது அவர் கை எட்டும் இடத்தில், எட்டே பட்டன் உள்ள பழைய டிவிதான். படம் புள்ளியடிக்கும், முருகன் தெரிகிறார். இனிமேல் டிவி வாங்கினால், எனக்கு அணைக்கத் தெரிகிறதா என்றுதான் கடையில் முதலில் பார்ப்பேன்.