தொரை பங்களாவின் சிவப்புத் தரை

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை இது. கோடு போட்ட தாளில் எழுதினாலும் என் எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கி, பொகவந்தலாவை பஸ் ரோடு மாதிரி வளைந்து வளைந்து போகின்றன. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதும் எனக்கு இன்னும் குழப்பம்தான். பிழை கண்ட இடத்தில் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன கிழமை நானும் அக்காவும் பங்களாவைப் பார்க்கப் போனோம். அக்கரப்பத்தனைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தின் உச்சியில் இருக்கிற பழைய தொரை பங்களா. தோட்டத்தை நடத்துகிற தொரை இப்போது அங்கே இல்லை. கொழும்பிலிருந்து யாரோ எடுத்து, வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் இடமாக நடத்துகிறார்கள். என் மகள் சுகந்திக்கு அங்கேதான் வேலை. வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டி, அதன் பழைய கதையைச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் ஆட்கள் குறைவு என்பதால், வேலை செய்கிறவர்கள் தங்கள் வீட்டாரைக் கூட்டிவந்து காட்டலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

"அத்தையும் வரட்டும்ப்பா" என்றாள் சுகந்தி. அக்கா வரமாட்டாள் என்று நம்பிக்கொண்டு கேட்கப் போனேன். அவள் யோசிக்கவே இல்லை.

"வர்றேன்டா. நீ டான்ஸ் ஆடுன எடத்த நானும் பாக்கணும்ல."

டான்ஸ் என்பது தரை தேய்ப்பது. பங்களாத் தரை முழுக்கச் சிவப்புச் சீமெந்து. ஒரு தேங்காயை மட்டையோடு குறுக்கே வெட்டி, வெட்டின பக்கம் கீழே வருகிற மாதிரிக் கவிழ்த்து, அதன்மேல் வலது காலை வைத்து முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். பாலிஷ் பூசிய தரையில் நார் உரச உரச மினுக்கம் ஏறும். இடுப்பு தானாக ஆடும். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பங்களாவில் தரையும் விறகும் என் பொறுப்பு. "என் தம்பி தொர வீட்டுல டான்ஸ் ஆடித்தான் சம்பளம் வாங்குறான்" என்று அக்கா, நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். தண்ணீர்ப் பீலியில் குடத்தோடு நிற்கும் பெண்கள் என்னைக் கண்டால் காலை இழுத்து இழுத்துக் காட்டிச் சிரிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன். உள்ளுக்குள் பெருமைதான். என் தரையில் குனிந்து பார்த்தால் மேலே எரிகிற பல்பு தெரியும்.

அன்றைக்கு மேலே ஏறும்போது தூறிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பிளாஸ்டிக் காலைப் பூட்டிக்கொண்டு ஒரு கோலை ஊன்றி நடப்பாள். சுகந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு முன்னே போனாள். நான் பின்னே போய், என்னையறியாமல் வளைவில் இடது பக்கம் திரும்பி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். குசினிக் கதவு. உள்ளே வெள்ளைத் தொப்பி போட்ட பையன் ஒருவன் வெங்காயம் உரித்துக்கொண்டு என்னை விநோதமாகப் பார்த்தான்.

சுகந்தி ஓடிவந்தாள். "அப்பா, இது பின்வாசல். முன்னால வாங்க. செருப்பப் போடுங்கப்பா, எல்லாரும் பாக்குறாங்க."

அந்த வீட்டில் நான் இரண்டு வருஷம் வேலை செய்தேன். முன்கதவு வழியாக உள்ளே போனது ஒரே ஒரு தடவைதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. நான் பயந்துகொண்டு போனது வேறு, பார்த்தது வேறு. கண்ணாடிப் பெட்டியும், தொடாதே என்கிற பலகையும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். எதுவும் இல்லை. கதவோரம் தொப்பி மாட்டும் மரம், அதன் காலடியில் சேறு காய்ந்த ஒரு சோடி கம்பூட்ஸ். தோட்டத்தைப் பார்த்த பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில் அதே பிரம்பு நாற்காலி. உட்காரும் இடம் பள்ளம் விழுந்து, யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருந்தது. அதன் கைப்பிடியில் மடித்து வைத்த ஒரு கம்பளிப் போர்வை. குசினியில் எந்த அறையிலிருந்து மணி அடிக்கிறது என்று காட்டும் பலகைகூட அப்படியே இருக்கிறதாம். கணப்பில் யூக்கலிப்டஸ் விறகு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் புகையும் பாலிஷும் ஈரக் கம்பளியும் கலந்த வாசனை மூக்கில் ஏறியபோது, விறகு கொண்டுவர மறந்துவிட்டேனோ என்று ஒரு கணம் பதறிப்போனேன். பாருங்கள், இருபத்தெட்டு வருஷம் கழித்து.

"வர்றவங்க எல்லாம் சொல்ற ஒரே விசயம் இதுதான்ப்பா, பழைய வீடு மாதிரியே இல்ல, இன்னும் ஆள் குடியிருக்கிற மாதிரி இருக்குன்னு" என்றாள் சுகந்தி. அவள் சொல்வது சரிதான். நானே அதை ரசித்திருப்பேன், அக்காவின் கோல் மட்டும் அந்தத் தரையில் டக், டக் என்று கேட்காமல் இருந்திருந்தால்.

ஒவ்வோர் அறையிலும் அவள் நின்றாள். நான் அவளுக்கு இரண்டடி பின்னால் நின்றேன். இங்கே சொல்லிவிடுவாளோ என்று சாப்பாட்டு மேசையைப் பார்த்தபோது நினைத்தேன். அவள் மேசையின் விளிம்பைத் தடவிவிட்டு நகர்ந்தாள். சிங்கக் கால் வைத்த குளியல் தொட்டியைப் பார்த்து, "இதுல ஒரு கன்னுக்குட்டியையே குளிப்பாட்டலாம் போல" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் ஓர் அறைதான் பாக்கி, நுழையும்போது கடந்துவந்த, சுகந்தி கடைசியில் காட்டவென்று விட்டுவைத்த, கணப்பு இருக்கிற முன்னறை.

அந்த முன்னறையை விட்டு என் நினைவு எங்கும் போவதில்லை.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்திய ஆடி மாதம். நாலு நாளாக விடாத மழை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போனவர்களையும் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தொரையும் அவர் மனைவி நோனாவும் கொழும்பில். சமையல்கார அப்பு லீவில். சாவி என்னிடம். மறுநாள் கொழும்பிலிருந்து கம்பனியின் பெரியவர்களைத் தொரை கூட்டிவருவதாக ஏற்பாடு. போகும்போது, தரை கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், முன்கதவைச் சும்மா திறக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார். அது சரியாக நடந்தால் பங்களா வேலை எனக்கு நிரந்தரம். மூன்று நாள் ஆடினேன். அப்படியொரு மினுக்கம் அந்தத் தரையில் அதற்கு முன்னும் இல்லை, பிறகும் இல்லை.

பின்னேரம் மூன்று மணி இருக்கும். பனிமூட்டத்தில் பத்தடி தெரியவில்லை. குசினிப் பக்கம் சத்தம் கேட்டுப் போனால், கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு அக்கா நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் லயமே நிற்கிறது. பங்களாவுக்குக் கீழே, சரிவில் இருந்த எட்டுக் காம்பரா லயம் எங்களுடையது. நானும் அக்காவும் அதில் ஒரு காம்பராவில், ஒற்றை அறையில், இருந்தோம். அத்தான் கொழும்பில் கடை வேலையில் இருந்தார்.

"அடுப்படிக்குள்ள செவப்பாத் தண்ணி ஊத்தெடுக்குதுடா. பின்சொவரு வெடிச்சிருச்சு. லயத்துல இருக்க முடியாது, கதவத் தொற."

குசினி விறாந்தையில் பத்துப் பேர்தான் நிற்கலாம். வந்தவர்கள் முப்பதுக்கு மேல். குழந்தைகள், ஒரு பிள்ளைத்தாய்ச்சி, நடக்க முடியாத ஒரு கிழவர். ஒவ்வொருவர் காலிலும் முழங்கால் வரை செஞ்சேறு. நான் அந்தக் கால்களைத்தான் பார்த்தேன். முகங்களைப் பார்க்கவில்லை. இதை எழுத இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அதையாவது நம்புங்கள். முன்பக்கம் வாருங்கள், பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள், சாக்கு விரித்துவிட்டுத் திறக்கிறேன் என்று சொன்னேன். அவர்கள் முன்வாசலில் போய் மழையில் நின்றார்கள். பங்களாத் தரை என்றால் அவர்களுக்கும் அப்படித்தான். பக்கத்துக் காம்பரா பார்வதி தன் பிள்ளைகளின் காலைத் தண்ணீர் வழிகிற பீலியில் பிடித்துக் கழுவிவிட்டாளாம், தரை அழுக்காகக் கூடாதென்று.

நான் ஸ்டோரில் இருந்த உரச் சாக்குகளை அள்ளிவந்து, கதவிலிருந்து கணப்பு வரைக்கும் விரித்தேன். வெறுமனே வீசிப்போட்டிருந்தால் இரண்டு நிமிஷம். நான் ஓரங்களை ஒன்றோடொன்று மேவி வைத்தேன். சுருக்கம் நீக்கினேன். கணப்புக்கு முன்னால் ஒரு சாக்கு கோணலாகத் தெரிந்தது. முட்டி போட்டு அதை நேராக்கிக்கொண்டிருந்தபோது, கண்ணாடி அலுமாரிக்குள் கிளாசுகள் எல்லாம் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. பிறகு தரை நடுங்கியது. பெரிய லொறியிலிருந்து கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், நீளமாக.

கதவைத் திறந்தேன். எல்லாரும் கீழ்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எண்ணிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. அக்காவின் கம்பளி மட்டும் பார்வதி கையில் இருந்தது.

"ஆட்ட அவுத்து விட்டுட்டு வர்றேன்னு போனா தம்பி. அவன் சாக்கு விரிக்கிறதுக்குள்ள வந்துர்றேன்னு சொன்னா" என்றாள் பார்வதி.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் பாதி எனக்கு நினைவில்லை. மண்வெட்டிகள் லயத்தோடு புதைந்துவிட்டன. கையாலும் தகரத்தாலும் தோண்டினோம். லயத்தின் ஓரத்தில் ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் கிடந்தாள், காலின்மேல் கூரை மரம். முனகல் கேட்டதால் கண்டுபிடித்தோம். நாலு பேர் ஒரு கதவுப் பலகையில் தூக்கிவந்தோம். அப்போதுதான் நான் முன்கதவு வழியாக அந்த வீட்டுக்குள் போனேன். சாக்கு காலில் சிக்கிச் சுருண்டு மூலைக்குப் போனது. சாப்பாட்டு மேசையில் அவளைக் கிடத்தினோம். சேறும் இரத்தமும் தரை முழுக்க. ரோட்டில் மண் சரிந்து கிடந்ததால் மறுநாள் விடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிந்தது. உயிர் தங்கியது. கால் தங்கவில்லை.

தொரை இரண்டு நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தார். வேலை போகும் என்று நான் குசினி மூலையில் நின்றுகொண்டிருந்தேன். அவர் முன்னறையைச் சுற்றிப் பார்த்தார். "தரதானே, திரும்பத் தேய்ச்சுக்கலாம்" என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால், கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அந்தப் பத்து நிமிஷத்தை அவர் என்னிடம் கேட்கவே இல்லையே. நானாக அல்லவா கொடுத்தேன்.

தரையைத் திரும்பத் தேய்த்தேன். பிறகு ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடிக்கு வேலை மாறிப் போய்விட்டேன். அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. என் கல்யாணத்தை முன்நின்று நடத்தினாள். சுகந்தியைத் தூக்கி வளர்த்தாள். மலை சரிந்து கால் போனது என்றுதான் பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறோம். அது பொய்யில்லை.

இனி போன கிழமைக்கு வருகிறேன். முன்னறை. கணப்பில் நெருப்பு. சுகந்தி தன் பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள், இந்தத் தரை அந்தக் காலத்துத் தரை, ஓர் இடத்தில்கூடப் புதிதாகப் பூசவில்லை என்று. அக்கா கணப்புக்கு முன்னால் நின்று, கோலால் தரையை ஒரு தட்டுத் தட்டினாள். அவள் செருப்பிலிருந்த ஈரம் தரையில் படிந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு, திரும்பி என்னைப் பார்த்தாள்.

"என்ன தம்பி, இன்னைக்குச் சாக்கு விரிக்கலயா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். சுகந்தி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன சாக்கு, அத்தை?"

"ஒங்கப்பனக் கேளு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சுகந்தி இன்னொரு தடவை கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்றேன்.

கடைசியாக எங்களை வெளியே கூட்டிப்போனாள். பங்களாவுக்குக் கீழே புல் வெட்டி, சரிவின் விளிம்பில் ஒரு மரவாங்கு போட்டிருக்கிறார்கள். வருகிறவர்களை எல்லாம் அங்கே உட்காரவைத்துத்தான் தேநீர் கொடுப்பார்களாம். திம்புள்ளப் பக்கத்து மலைகள் வரை தெரிகிற இடமாம். எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தேநீர் எடுக்க உள்ளே போனாள். அக்கா கோலால் காலடிப் புல்லைக் கிளறினாள். சுமார் இந்த இடம்தான் நம்ம அடுப்படி என்றாள். எனக்கும் அது தெரிந்திருந்தது. சுகந்தி அங்கே இல்லாத தைரியத்தில், அல்லது பயத்தில், இருபத்தெட்டு வருஷமாக விழுங்கியதைக் கேட்டுவிட்டேன்.

"ஒடனே தொறந்திருந்தா நீ போயிருக்க மாட்ட, இல்லக்கா?"

அவள் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலடா. அந்த ஆடு சினையா இருந்துச்சு." கோலைப் புல்லில் ஊன்றிக்கொண்டு சொன்னாள்: "புள்ளைகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா ஒன்ன நல்லவனாக்கிப்புடுவேன்."

அதற்குள் தேநீர் வந்துவிட்டது.

பங்களாவில் எல்லாம் இருக்கிறது. தொப்பி மரம் இருக்கிறது, மணிப் பலகை இருக்கிறது, நாற்காலியின் பள்ளம்கூட இருக்கிறது. எட்டுக் காம்பரா இருந்த இடத்தில் ஒரு செங்கல் இல்லை. தண்ணீர்ப் பீலி இல்லை, காலை இழுத்து இழுத்துக் காட்டிச் சிரித்த பெண்களும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். என் மகள் ஒவ்வொரு நாளும் தன் அத்தையின் அடுப்படியில் நின்றுகொண்டு வெளிநாட்டுக்காரர்களுக்கு மலையைக் காட்டுகிறாள். அவள் சொல்கிற கதையில் லயம் என்ற சொல்லே வருவதில்லை. குறை அவளிடம் இல்லை. சொல்ல வேண்டியவன் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

அவள் இன்றைக்கு இரண்டு மணி பஸ்ஸில் வேலை முடிந்து வருவாள். வந்ததும் இந்தத் தாள்களை முதலில் அவள் கையில் கொடுத்துவிட்டு, விறகு வெட்டப் பின்பக்கம் போய்விடுவேன். அவள் படித்து முடித்துக் கூப்பிடும்வரை அங்கேயே இருப்பேன்.

ஆடி மாதம் இருபத்தோராந் திகதி, வியாழக்கிழமை.