தங்கச்சியின் பெரிய கண்கள்

என் தங்கச்சிக்குக் கண்கள் பெரிதாக இருந்தன, நெற்றி உயரமாக இருந்தது. எனக்கு அப்பாவின் சின்னக் கண், சப்பை மூக்கு. காஜா பெராங் பகுதியில் எங்கள் வீட்டைக் கடந்து போகிற யாரும் அவளை ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். பக்கத்து வீட்டுச் செட்டி அம்மா தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் குடும்பம், தமிழ் வராது. அவளும் தங்கச்சியின் நெற்றியைத் தடவி, "பண்டாய் இனி புடாக்" என்பாள். கெட்டிக்காரப் பிள்ளையாம். ஆறு வயதாகியும் அ, ஆ உருப்படியாக எழுதத் தெரியாதவள் கெட்டிக்காரி என்றால், வகுப்பில் முதலாவதாக வந்த நான் யாராம்? எனக்கு வயிறு எரியும்.

அவளுக்குக் காலையில் எழுந்ததும் தலைவலி. சில நாள் வாந்தியும் எடுப்பாள். பிறகு கொஞ்சம் தெளிந்து விளையாட வந்துவிடுவாள். அத்தனையும் நடிப்பு என்று நான் முடிவு கட்டினேன். திருஷ்டி என்று அம்மா முடிவு கட்டினாள்.

"ஆளாளுக்கு இந்தக் கண்ணப் பாத்துப் பாத்தே புள்ளய படுக்க வெச்சிட்டாங்க" என்று உப்பையும் மிளகாயையும் அவள் தலையைச் சுற்றி அடுப்பில் போடுவாள். மிளகாய் நெடி அடிக்காவிட்டால் திருஷ்டி பலமாக இருக்கிறது என்று அர்த்தம். அம்மாவுக்கு ஒரு நாளும் நெடி அடித்ததில்லை. எனக்கு இருமல் வரும், அடக்கிக்கொள்வேன்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம், பள்ளி ஊர்வலத்தில் முன்வரிசையில் கொடி பிடித்து நடக்க என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அம்மா கட்டாயம் வருவதாகச் சொல்லியிருந்தாள். என் வெள்ளைச் சட்டைக்கு அவளே கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள். அன்று காலை பார்த்துத் தங்கச்சி வாந்தி எடுத்தாள். சாலையோரத்தில் எல்லாருடைய அம்மாவும் நின்றார்கள், என் அம்மாவைத் தவிர. கொடியைப் பிடித்து நடந்துகொண்டே, அந்தக் கண் அவிந்து போகட்டும் என்று நினைத்தேன். பத்து வயதில் நினைத்தது. மறைக்க என்ன இருக்கிறது.

சில வாரம் கழித்து, காப்பிக் கோப்பையை எடுக்கக் கை நீட்டியவள் வெறும் மேசையைத் தொட்டாள்.

"அக்கா, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுக்கா. மங்கலா வேற இருக்கு."

ஊரார் கண் இல்லை, என் கண்தான் பட்டுவிட்டது. அம்மாவுக்குத் தெரிந்தால் என்னை வீட்டில் வைத்திருப்பாளா? அவள் வாயை நான் கட்டியதற்குப் பயம் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது பொய். இதையும் சொன்னால் அம்மா முழுக்க முழுக்க அவளுக்கே போய்விடுவாள் என்ற கணக்கும் இருந்தது.

"அம்மாகிட்ட சொல்லாத. சொன்னா ஒன்ன ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டு வந்துடுவாங்க. சத்தியம் பண்ணு."

பண்ணினாள். அதற்குப் பிறகு சுவரைத் தடவித் தடவி நடந்தாள். அம்மா அதை விளையாட்டு என்று நினைத்தாள். நாலைந்து மாதம் கழித்து, பட்டப்பகலில் வாசல் சாக்கடைக்குள் நேராக நடந்துபோய் விழுந்தாள். அன்றுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

வெள்ளைக்கார டாக்டர் அவள் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், தலையைத் தடவிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார். அவர் சொன்னதைத் தமிழ் நர்ஸ் ஒருத்தி அம்மாவுக்கு விளக்கினாள்.

"புள்ளைங்களுக்கு மண்டை எலும்பு தனித்தனியாத்தான் இருக்கும்மா. மூளை வளர வளர வெலகிக் குடுக்கும். இவளுக்கு முன்னாடியே ஒட்டிக்கிச்சு. உள்ள எடம் இல்லாம அழுத்தம் ஏறி, கண்ணு நரம்பையும் கெடுத்திருக்கு. கண்ணு இப்படிப் பெருசாத் தெரியறதும் எலும்பாலதான். குழியில ஆழம் இல்லாம வெளிய தள்ளி நிக்குது."

"அப்ப திருஷ்டி இல்லீங்களா?"

"யாரு கண்ணும் படலம்மா. இது பொறப்புலயே வந்தது."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அந்த நிம்மதி ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. டாக்டர் ஏதோ கேட்டார். நர்ஸ் திரும்பினாள்.

"பார்வை எப்பலேருந்து மங்குச்சுன்னு கேக்கறாரு. மண்டையத் தெறந்து எடம் பண்ணிக் குடுத்தா வலி போயிடும். போன பார்வை வராதாம். மங்க ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமாம்."

அம்மா தங்கச்சியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏன்டி சொல்லல? அக்காகிட்டயாச்சும் சொன்னியா?"

தங்கச்சி நான் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினாள். "யாருகிட்டயும் சொல்லல" என்றாள்.



சிங்கப்பூரில் ஆப்பரேஷன் நடந்தது. வலி நின்றது, வாந்தி நின்றது, பார்வை மட்டும் நிழல் தெரிவதோடு நின்றுவிட்டது. பெற்றவளுக்குத் தெரியாமல் போயிற்றே என்று அம்மா சாகும்வரை தலையில் அடித்துக்கொண்டாள். அப்போதெல்லாம் நாங்கள் இருவரும் பக்கத்தில்தான் இருந்தோம். நான் சொல்லவில்லை. அவளும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. இன்றுவரை என்னிடம்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எப்படித்தான் முடிகிறதோ அவளுக்கு. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த ஆஸ்பத்திரியிலேயே கத்தியிருப்பேன். இந்த வயதிலும் எனக்கு அவள்மேல் பொறாமைதான்.