ஸ்டெல்லா சிஸ்டருக்கு எத்தனை நட்சத்திரம்?

இன்று அப்பாவுக்கு டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருந்தது. மயிலாப்பூரில் வழக்கமாகப் போகும் மருத்துவமனைதான். அவர் கையில் நரம்பைக் கண்டுபிடிக்க ஸ்டெல்லா சிஸ்டரால் மட்டும்தான் முடியும்.

போனால், சிஸ்டரே பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறார், கையில் டிரிப்ஸோடு. ஆள் இல்லையென்று மூன்று நாள் டபுள் டூட்டி பார்த்து மயங்கி விழுந்துவிட்டாராம்.

மேலாளர் பூங்கொத்தோடு வந்து அவரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார். எங்களைப் பார்த்து, "இதுதான் சார் கமிட்மென்ட். இவங்கள மாதிரி பத்து பேர் இருந்தா போதும்" என்றார்.

கிளம்பும்போது சிஸ்டரிடம், "நாளைக்கு மார்னிங் வந்துடுவீங்கல்ல?" என்றும் கேட்டுவிட்டுப் போனார்.

புது நர்ஸ் அப்பாவை மூன்று இடத்தில் குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. ஸ்டெல்லா சிஸ்டர் எழுந்து, தன் டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டே வந்து, ஒரே குத்தில் போட்டார்.

"நீ ரெஸ்ட் எடும்மா" என்றார் அப்பா.

"எடுத்துக்கினுதான் இருந்தேன் அங்கிள்."

வெளியே வரும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். ஊழியர் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?

ஐந்து போட்டால் அவர் தலையில் இன்னொரு ஷிஃப்ட் விழும். குறைத்துப் போட்டால் மெமோ. மேலாளருக்குப் போட அதில் கட்டமே இல்லை.

படிவம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. நீங்களாக இருந்தால் எத்தனை போடுவீர்கள்?