அட்சதை மட்டும் தெளிவு

மைசூர் விஜயநகரில் நடந்த என் கல்யாணத்துக்குப் படமெடுக்க வந்த ஹனூர்க்காரரிடம், தானே ஃபோகஸ் செய்யும் புதுக் கேமரா இருந்தது. ஒல்லியான ஆள், காதோரம் பென்சில். லென்ஸ் நிற்காமல் முன்னும் பின்னும் ஓடும்போதெல்லாம் அதைத் தட்டி, "நில்லப்பா, நில்லு" என்று கெஞ்சுவார். தாலி கட்டும்போதும் கெஞ்சினார்.

ஆல்பம் வந்தது. தாலி கட்டும் படத்தில் நாங்கள் இருவரும் ஒரே கலங்கல். எங்கள்மேல் விழவந்த அட்சதை மட்டும் அரிசி அரிசியாகத் தெளிவு.

"என்னங்க இது, எங்க மூஞ்சியே காணோம்?"

"மூஞ்சிய எப்ப வேணா எடுத்துக்கலாம் சார். ஆசீர்வாதம் விழுகிறத மறுபடி எடுக்க முடியுங்களா?"

சண்டைக்குப் போன நான், அதையே பெரிதாக்கித் தரச் சொல்லிவிட்டு வந்தேன். கேமரா கிடக்கட்டும், அந்த வாயை எந்தக் கடையில் வாங்கினாரோ!