எல்லாம் நன்னா ஊறட்டும்

கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் வந்து நாலு மாதம் முடிந்திருந்தது. ஒரு சனிக்கிழமை காலை, வலியசாலையில் எங்கள் வீட்டு வாசலில் இது நடந்தது.

என் கணவரிடம் ஒரு பழைய சின்னக் கார் உண்டு. ஆபீஸுக்கும் அதுதான், டிராக் ரேஸுக்கும் அதுதான். இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று கால் மைல் நேராகப் பறப்பதற்கு இத்தனை அமர்க்களமா என்று எனக்கு எரிச்சலாக வரும். சக்களத்தி என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தேன். மறுநாள் ஊருக்கு வெளியே ரேஸ். மனிதர் ஆறு மாதமாகக் காத்திருந்த ரேஸ். அதற்காக முன்பக்கம் அகலமான புதுச் சக்கரங்கள் மாட்டியிருந்தார்.

வழக்கமாக வரும் மெக்கானிக்குக்கு அதில்தான் மனத்தாங்கல். ஸ்டட் என்பது சக்கரத்தைத் தாங்கி நிற்கும் மரையாணி. அதன்மேல்தான் நட்டை முறுக்குவார்கள். புதுச் சக்கரம் தடிமன் என்பதால் நட்டுக்குள் நாலைந்து மரைதான் ஏறுகிறது, நீளமான ஸ்டட் போட்டே ஆக வேண்டும் என்று இரண்டு வாரமாகப் பாடிக்கொண்டிருந்தார். கடைசி நேரத்தில் எதையாவது கழற்றப்போய் வண்டி நின்றுவிடுமோ என்று இவருக்குப் பயம். "ரேஸ் முடியட்டும்" என்று தள்ளிக்கொண்டே வந்தார். இந்தக் கதையெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

அன்று காலை இவர் காரை வீட்டில் விட்டுவிட்டு ஆபீஸ் மீட்டிங்குக்குப் போயிருந்தார். போன் அணைந்திருந்தது. ரேஸுக்கு முன் வண்டியைக் கடைசியாக ஒருமுறை பார்க்க மெக்கானிக் வந்து, துருப்பிடித்திருந்த நட்டுகளில் எண்ணெய் விட்டார். பிறகு வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"ஸ்டட் எல்லாம் ஊரட்டே, சேச்சீ?"

கையில் எண்ணெய்க் குப்பி. நான் உளுந்து நனைத்துவிட்டு வந்த கை. எண்ணெயில் ஊறட்டுமா என்றுதான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"எல்லாம் நன்னா ஊறட்டும், ஒண்ணு விடாம" என்று தாராளமாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு ஏன் என்று அப்போது புரியவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்தால் தூக்கிவாரிப்போட்டது. கார் முட்டுக்கட்டையில் நிற்கிறது. முன் சக்கரம் இரண்டையும் காணோம். செய்தித்தாள் விரித்து, எட்டு ஸ்டட்டும் வடகம் காயப்போட்டதுபோல வரிசையாகக் கிடக்கின்றன. அந்த நேரம் பார்த்து இவரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"யாரைக் கேட்டுண்டு கழட்டினே?"

"சேச்சி தன்னே அல்லே பறஞ்ஞது, ஒண்ணு விடாம ஊரான்!"

இவர் என் பக்கம் திரும்பினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எண்ணெயில ஊறட்டும்னேன்னா! இவா ஊர்ல ஊர்றதுன்னா கழட்றதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மெக்கானிக் மண்ணெண்ணெயில் துடைத்த ஒரு ஸ்டட்டை எடுத்துப் புது நட்டை விரலால் சுழற்றினார். பாதியில் நின்றுவிட்டது. டயர் கடைகளில் நட்டு முறுக்கும் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கி இறுக்கி, இரும்பு இழுபட்டிருக்கிறது. இன்னும் இரண்டின் கழுத்தில் தலைமுடி அளவுக்கு வெடிப்பு.

"இதும் வெச்சு நாளைக்கி ஓடியிருந்தா வீலு முன்னாடி போவும், சார் பின்னாடி போவும்" என்றார்.

இவர் அந்த வெடிப்பை நகத்தால் தடவிப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவே பார்க்கிறது என்ற கூச்சம்கூட அவருக்கு வரவில்லை.

ஒரு பழைய ஸ்டட்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு கடைக்கு இவரும் நானும் மெக்கானிக்கின் ஸ்கூட்டரில் ஓடினோம். பளபளவென்று இருந்ததை இவர் எடுத்தார். கழுத்தில் இருக்கும் பல்வரிசை ஒரு நூலளவு குறைந்தாலும் ஸ்டட் துளைக்குள் சுற்றும் என்றார் கடைக்காரர். அளவுகோல் வைத்து, மரையும் பல்லும் பொருந்தி நீளம் மட்டும் கூடிய எட்டைத் தேர்ந்தெடுத்தோம். மிச்சமெல்லாம் நல்லதாக இருந்தாலும் மொத்தமாகத்தான் மாற்ற வேண்டுமாம். மரையில் சொட்டு எண்ணெய்கூட இல்லாமல் துடைத்துவிட்டுத்தான் நட்டை முறுக்கினார் மெக்கானிக். எண்ணெய் இருந்தால் அளவுக்கு மீறி இறுகி, ஸ்டட் இழுபடுமாம். நான் ஊறச் சொன்ன லட்சணம் அது!

கொஞ்சதூரம் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும் என்றார். சாயங்காலம் கல்லாறு வரை போனோம். ஆற்றோரம் டீக்கடை முன்னால் நிறுத்தி, இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனரை இவர் என் கையில் கொடுத்தார். போதுமான இறுக்கம் வந்ததும் அது 'டிக்' என்று சொல்லும். இரண்டு நட்டுகள் லேசாக நகர்ந்த பிறகே சொன்னது. எட்டு டிக் கேட்டதும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சக்களத்தியோடு அன்றைக்கே சமாதானமாகிவிட்டேன்.

மறுநாள் ரேஸில் இவர் தோற்றார். அரை வண்டி நீளத்தில்! ஆனால் எல்லைக்கோட்டைத் தாண்டி முழு வண்டியாக, முழு ஆளாகக் கையாட்டிக்கொண்டு திரும்பி வந்தாரே, அதைப் பார்த்து மெக்கானிக்கும் நானும் ஜெயித்தவர்களைவிடச் சத்தமாகக் கத்தினோம்.

இப்போது எனக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. ஒவ்வொரு ரேஸுக்கு முன்னாலும் நட்டு இறுக்குவது என் வேலை. ஆனாலும் காலையில் எதிரே உட்கார்ந்து, காபி ஆறிப்போச்சு என்று இவர் குறை சொல்லும்போதெல்லாம், நல்லவேளை அன்றைக்கு எனக்கு அந்த ஒரு வார்த்தை புரியவில்லை என்று சந்தோஷமாக இருக்கிறது.